கண்ணுக்குத் தெரியாத சிறுவண்டி

நேயர்களே, வண்டியை முன்னே செலுத்தத் தெரிந்தவர் பலர். பின்னே செலுத்தத் தெரிந்தவர் சிலர். வண்டியின் பின்னே ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு, அதையும் பின்னோக்கிச் செலுத்தத் தெரிந்தவர் மிகச் சிலர். அந்த டிரெய்லர் சிறியதாய், ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படாததாய் இருந்துவிட்டால், கை தேர்ந்தவரும் சற்றே தயங்குவார். அவ்வாறு தயங்குவது நல்லது என்பதைச் சொல்லவே இன்று உங்கள்முன் பேச வந்திருக்கிறேன்.

வாழ்நாளெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற ஒருவருக்கு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது. ஆனால் ஜீப் ஓட்டிய ஒருவருக்கு வழிகாட்டப் போய், ஒரு குழந்தையின் உயிருக்கே உலை வைக்க இருந்தவன் நான். அந்த ஒரு தகுதிதான் எனக்கு உண்டு. அதன் பிறகு, எங்கே தவறினேன் என்பதை அறிந்துகொள்ளும் பொருட்டுப் பல ஓட்டுநர்களிடம் கேட்டேன். அவர்கள் வண்டியைப் பின்னே செலுத்துவதை அருகில் நின்று பார்த்தேன். கேட்டதையும் கண்டதையும் உங்களுக்குக் கூறுகிறேன்.

1998ஆம் ஆண்டு, ஆடி மாதம். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தேன். மழையில் சத்துணவுக் கூடத்தின் சுவர் ஒன்று சரிந்துவிட்டது. ஊரார் செங்கல் கொடுத்தார்கள். மலைத் தோட்டக்காரர் ஒருவர் தம் ஜீப்பையும், அதன் பின்னே பூட்டும் இரண்டு சக்கரச் சிறு டிரெய்லரையும் ஒரு நாளைக்கு இரவலாக அனுப்பினார். ஓட்டி வந்தவர் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

பள்ளியின் வாயில் குறுகியது. உள்ளே வண்டியைத் திருப்ப இடம் இல்லை. ஆகவே தெருவிலிருந்தே பின்னோக்கி உள்ளே வரவேண்டும். ஒரு பக்கம் சுற்றுச்சுவர்; மறு பக்கம் ஒரு நாவல் மரம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ நாற்பது அடி தொலைவு பின்னே வந்தால்தான் சத்துணவுக் கூடத்தை அடையலாம். டிரெய்லரோ ஜீப்பை விடத் தாழ்ந்தது. ஜீப்பின்மேல் கித்தான் கூரை போர்த்தியிருந்தது. ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்த்தால், பின்னே ஒரு வண்டி பூட்டியிருக்கிறது என்பதே தெரியாது.

"சார், பின்னாடி நின்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அவர் கேட்டுக்கொண்டார். நானும் பெருமிதத்துடன் ஒப்புக்கொண்டேன். "வா தம்பி, வா, வா" என்று கையசைத்துக்கொண்டே பின்னே நடந்தேன். பாதி தூரம் வந்ததும் என் கவனம் சுவரின்மேல் போயிற்று. சக்கரம் சுவரில் உராய்ந்துவிடுமோ என்ற எண்ணம். சுவருக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குனிந்து பார்த்தேன். பார்த்தவாறே "வா, வா" என்று குரல் கொடுத்தேன். வண்டி சட்டென்று நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டாய்? இடம் நிறைய இருக்கிறது, வா!" என்றேன். வண்டி அசையவில்லை. மீண்டும் சற்றுக் கோபத்துடன் கூப்பிட்டேன். அவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். நான் நின்ற பக்கம் வராமல், மரம் இருந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஒரு கணம் கழித்து, "சார், இங்கே வாங்க" என்ற அவர் குரல் மிகத் தாழ்ந்து ஒலித்தது.

டிரெய்லரின் பின்புறம், மரத்தை ஒட்டிய மூலையில், முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி குந்தியிருந்தாள். மழைக் காற்றில் உதிர்ந்த நாவற்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கும் டிரெய்லரின் பின்பலகைக்கும் இடையே ஒன்றரை அடி இருந்திருக்கும். என்னைக் கண்டதும் எழுந்து, மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழம் பொறுக்கியதற்காக நான் அடிக்கப் போகிறேன் என்று அஞ்சினாள் போலும். எனக்கு வாயில் சொல் எழவில்லை. "ஓடு பாப்பா, வகுப்புக்குப் போ" என்று அவர்தாம் அவளை அனுப்பினார்.

"தம்பி, அவளை நீ எப்படிப் பார்த்தாய்?" என்று பிறகு கேட்டேன்.

"நான் பார்க்கலையே சார். நீங்க கண்ணாடியில தெரிஞ்சீங்க, திடீர்னு காணோம். ஆள் மறைஞ்சா வண்டியை நிறுத்தணும். அதான் நிறுத்தினேன்."

நேயர்களே, அவருக்கு அந்தக் குழந்தை தெரியவில்லை. அவளுக்கு அருகிலேயே நின்ற எனக்கும் தெரியவில்லை. அவளைக் காப்பாற்றியது கூர்மையான கண்ணன்று. "எனக்குத் தெரியவில்லை" என்பதை ஒப்புக்கொண்டு நிறுத்திய பழக்கமே அவளைக் காப்பாற்றிற்று. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றவையெல்லாம் இதன் விளக்கங்கள்.

பெரிய வண்டியைப் பின்னே செலுத்துவதுதான் கடினம், சிறிய வண்டி எளிது என்று நாம் எண்ணுகிறோம். டிரெய்லரைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சிறிய டிரெய்லர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்றொன்று, அது மிக விரைவாகத் திரும்பிவிடுகிறது.

முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜீப்பின் பின்னே பூட்டும் சிறு டிரெய்லர் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. கால் டன் பாரம் ஏற்றும் அளவினது. ஜீப்பின் சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலமோ, அதே அகலம் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் வைத்தார்கள். ஜீப் சென்ற சுவட்டிலேயே டிரெய்லரும் செல்லவேண்டும் என்பது அதன் நோக்கம். சேற்றிலும் மணலிலும் முன்னே செல்லும்போது இது பெருநன்மை. ஆனால் பின்னே வரும்போது இதுவே இடையூறாகிறது. ஜீப்பின் அகலத்துக்குள் டிரெய்லர் அடங்கிவிடுவதால், அது நேராக நிற்கும்போது இரு பக்கக் கண்ணாடிகளிலும் தெரியாது. அது தாழ்ந்திருப்பதால் பின்பக்கச் சாளரத்தின் வழியாகவும் எளிதில் தெரியாது.

எப்போது தெரியும்? அது கோணியபோது தெரியும். ஏதேனும் ஒரு பக்கம் திரும்பத் தொடங்கி, அதன் மூலை ஜீப்பின் அகலத்தைத் தாண்டி வெளியே வரும்போதுதான் கண்ணாடியில் தலைகாட்டும். அதாவது, சரியாகச் செல்லும் வரையில் அது மறைந்திருக்கும். அது கண்ணில் பட்டபோது தவறு நேர்ந்து முடிந்திருக்கும். பெரிய டிரெய்லர் அப்படியன்று. அதன் அகலமும் உயரமும் எப்போதும் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்கும். சற்றுக் கோணினாலும் உடனே தெரியும், உடனே திருத்தலாம்.

இரண்டாம் காரணத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றைக் கொண்டு விளக்கலாம். ஒரு நீண்ட சிலம்பக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். சிறிது பழகினால் நிறுத்திவிடலாம். அதேபோல் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். எத்தனை பழகினாலும் அது விழுந்துவிடும். கம்பு மெல்லச் சாய்கிறது. கையை நகர்த்தித் திருத்த நேரம் இருக்கிறது. பென்சில் சாய்வதைக் கண் காணும் முன்னரே அது விழுந்து கிடக்கிறது.

டிரெய்லரைப் பின்னே தள்ளுவதும் இதே வகையான செயல்தான். முன்னே இழுக்கும்போது டிரெய்லர் தானே நேராகிக்கொள்ளும். பின்னே தள்ளும்போது சிறு கோணலும் வளர்ந்து பெருங்கோணலாகும். அது எவ்வளவு விரைவில் வளரும் என்பது, பூட்டு முனையிலிருந்து டிரெய்லரின் அச்சு வரை உள்ள நீளத்தைப் பொறுத்தது. நீளம் மிகுந்தால் மெல்லத் திரும்பும். நீளம் குறைந்தால் வெடுக்கென்று திரும்பும். முழங்கை மடங்குவதுபோல் அது மடங்கி, டிரெய்லரின் முன்மூலை ஜீப்பின் பின்புறத்தில் வந்து இடிக்கும். இழுவைச் சட்டம் வளைவதும், விளக்கு உடைவதும் இவ்வாறுதான். சிறு டிரெய்லர் பென்சிலைப் போன்றது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்த முயல்வது போன்றதே, தெரியாமல் பின்னே செலுத்துவது.

எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகும் என்ற குழப்பம் புதியவர்களுக்கு எப்போதும் உண்டு. நம் நாட்டு மாட்டுவண்டியைப் பார்த்திருப்பவர்களுக்கு இது குழப்பமே அன்று. வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போகவேண்டுமானால் வண்டிக்காரர் என்ன செய்கிறார்? நுகத்தடியைப் பிடித்து இடப்பக்கம் ஒதுக்கி மாடுகளைப் பின்னே தள்ளுகிறார். ஏர்க்கால் இடப்பக்கம் போனால் வண்டியின் வால் வலப்பக்கம் போகிறது. அச்சு நடுவே இருப்பதால் முன்னும் பின்னும் எதிரெதிராக நகர்கின்றன. மாட்டுவண்டியும் இரண்டு சக்கரம் உடைய ஒரு டிரெய்லர்தானே! ஏர்க்கால் நீளமாக இருப்பதால் அது அமைதியாகத் திரும்புகிறது. ஜீப் டிரெய்லரின் ஏர்க்கால் குட்டையாக இருப்பதால் அது துள்ளுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இதை ஓட்டுநர்கள் ஓர் எளிய வழியால் நினைவில் கொள்கிறார்கள். ஸ்டீயரிங் சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடிக்காமல் அடிப்பகுதியில் ஒரு கையை வைக்கவேண்டும். டிரெய்லரின் பின்புறம் வலப்பக்கம் போகவேண்டுமானால் அந்தக் கையை வலப்பக்கம் நகர்த்துக; இடப்பக்கம் போகவேண்டுமானால் இடப்பக்கம் நகர்த்துக. எதிர்மாறாக எண்ணிக் குழம்பவேண்டிய தேவையே இல்லை. ஆனால் கை நகர்வது மிகச் சிறிதாக இருக்கவேண்டும். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் கையை மீட்டுக்கொண்டு வந்துவிடவேண்டும். "அது திரும்பட்டும், பார்ப்போம்" என்று காத்திருந்தால் அது மடங்கிவிடும்.

இனி, கண்ணுக்குத் தெரியாததைத் தெரியச் செய்யும் வழிகளைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவது, இரண்டு மூங்கில் கழிகள். டிரெய்லரின் பின்மூலைகள் இரண்டிலும் நிமிர்த்தி, ஓட்டுநரின் கண் மட்டத்துக்குமேல் தெரியும்படி கட்டவேண்டும். நுனியில் சிவப்புத் துணி கட்டினால் இன்னும் நல்லது. ஜீப்பின் பின்பக்கக் கித்தானைச் சுருட்டி மேலே கட்டிவிட்டால் இரண்டு கழிகளும் தெரியும். அவை சாளரத்தின் இரு ஓரங்களுக்கும் ஒத்த தொலைவில் நின்றால் டிரெய்லர் நேராக இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கினால் அந்தப் பக்கம் கோணுகிறது. மாட்டுவண்டியின் முளைக்குச்சிகளைப் பார்த்தே வண்டியின் அகலத்தைக் கணிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதே அறிவுதான் இது.

இரண்டாவது, பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே வளைந்து பின்னே செல்லவேண்டிய இடத்தில், டிரெய்லரின் பின்புறம் வலப்பக்கம் திரும்பும்படி வண்டியை முன்கூட்டியே நிறுத்திக்கொள்ளவேண்டும். அப்போது தலையை வெளியே நீட்டினால் டிரெய்லரைத் தம் கண்ணாலேயே பார்க்கலாம். இடப்பக்கம் திருப்பினால் அது ஜீப்பின் மறைவில் போய்விடும். அதற்காகத் தெருவைச் சுற்றி எதிர்ப்பக்கமாக வர நேர்ந்தாலும் அந்த நேரம் வீணன்று.

மூன்றாவது, முன்னே செல்ல வெட்கப்படாமை. டிரெய்லர் கோணிவிட்டது என்று தெரிந்தால், பின்னே செல்லச் செல்லத் திருத்திவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்பது அவர்கள் கவலை. வண்டியை நிறுத்தி, இரண்டு வண்டி நீளம் முன்னே சென்றால் போதும். டிரெய்லர் தானே நேராகிவிடும். பிறகு புதிதாகத் தொடங்கலாம். கணக்கில் பிழை நேர்ந்தால் அதன்மேலேயே எழுதித் திருத்தும் மாணவனைவிட, அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதும் மாணவனே விரைவில் விடை காண்கிறான். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

நான்காவது, அவிழ்த்துவிடுதல். பாரம் இல்லாத சிறு டிரெய்லரை ஜீப்பிலிருந்து கழற்றி, இரண்டு மூன்று ஆட்கள் கையால் தள்ளியே உரிய இடத்தில் நிறுத்திவிடலாம். இதை மறந்து அரைமணி நேரம் போராடுகிறவர்கள் உண்டு. ஆனால் சமதரையில்தான் இதைச் செய்யவேண்டும். கழற்றும் முன்னர்ச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டையோ கல்லோ வைக்கவேண்டும். சரிவில் கழற்றிய டிரெய்லர் யாருக்கும் கட்டுப்படாது.

ஐந்தாவதுதான் நான் தவறிய இடம். பின்னே நின்று வழிகாட்டுதல். இது மிக எளிய வேலை என்று நினைக்கிறோம். தெருவில் போகிற யாரையும் கூப்பிட்டு, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறோம். அவரும் எங்கோ நின்றுகொண்டு "வா, வா" என்கிறார். வழிகாட்டுபவர் வண்டிக்கு நேர் பின்னே நிற்கக் கூடாது. ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தம் முகம் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். குரலை நம்பக் கூடாது. என்ஜின் ஒலியில் "நில்" என்பதும் "வா" என்பதும் ஒன்றாகவே கேட்கும். கையால் காட்டும் சைகையே தெளிவானது. அச்சைகையையும் புறப்படும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளவேண்டும். நம் பேருந்து நடத்துநர்கள் ஒற்றை விசில் ஊதினால் நிறுத்தம், இரட்டை விசில் ஊதினால் புறப்பாடு. அதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

ஒருவர் மட்டுமே சைகை காட்டவேண்டும். ஆனால் "நிறுத்து" என்று மட்டும் யார் சொன்னாலும், குழந்தை சொன்னாலும், ஓட்டுநர் நிறுத்திவிடவேண்டும். ஏன் நிறுத்தச் சொன்னாய் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டுபவர் கண்ணிலிருந்து மறைந்தால் அதுவே "நில்" என்னும் சைகை. இரயில் நிலையங்களில் என்ஜின் பெட்டிகளைப் பின்னிருந்து தள்ளும்போது, என்ஜின் ஓட்டுபவருக்கு முன்னே உள்ள தண்டவாளம் தெரியாது. ஷண்டிங் செய்பவரின் கொடியையோ கைவிளக்கையோ நம்பித்தான் அவர் நகர்கிறார். அந்தச் சைகை மறைந்தால் வண்டி நிற்கவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்த ஜீப் ஓட்டுநர் இந்த ஒழுங்கை எங்கே கற்றாரோ, நான் கேட்கவில்லை. ஆனால் நன்றாகக் கற்றிருந்தார்.

"இக்காலத்தில்தான் வண்டியின் பின்னே காமிரா வந்துவிட்டதே, இவையெல்லாம் எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். காமிரா வந்த வரலாற்றையே சொல்கிறேன். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, தன் வீட்டு வாயிலில் பின்னே வந்த வண்டியில் அகப்பட்டு இறந்தது. வண்டியை ஓட்டியவர் அக்குழந்தையின் தந்தை. அவர் ஒரு குழந்தை மருத்துவர். கவனமற்றவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. வண்டியின் பின்னே இருந்த குழந்தையைக் காட்ட எந்தக் கண்ணாடியாலும் இயலவில்லை, அவ்வளவே. அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய சிறு மோட்டார் வண்டிகள் அனைத்துக்கும் பின்பக்கக் காமிரா கட்டாயமாயிற்று. அவ்விதியை வகுத்தபோது 2014இல் அந்நாட்டு அரசு தந்த கணக்கு இது: பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயமடைகிறார்கள். இறப்போரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 31 விழுக்காடு. எழுபது வயதைக் கடந்தவர்கள் 26 விழுக்காடு. தாழ்ந்து நிற்பவர்களும், விரைந்து விலக இயலாதவர்களுமே மிகுதியாக அகப்படுகிறார்கள்.

காமிரா மிக நல்ல கருவிதான். ஆனால் டிரெய்லரைப் பூட்டிய கணமே அந்தக் காமிராவின் முன் ஒரு சுவர் எழுந்துவிடுகிறது. அது டிரெய்லரின் முன்பலகையைத்தான் காட்டும். டிரெய்லரின் பின்னே என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. டிரெய்லரின் பின்பலகையில் தனியே ஒரு காமிராவைப் பொருத்தினால் அன்றி, இந்த நூற்றாண்டின் ஓட்டுநரும் என் பள்ளிக்கு வந்த ஜீப் ஓட்டுநரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சாலை விதிகளும் இதைத் தெளிவாகவே கூறியுள்ளன. எவருக்கும் ஆபத்தோ தகாத இடையூறோ நேராது என்று ஓட்டுநர் தாமே உறுதி செய்துகொள்ளாமல் வண்டியைப் பின்னே செலுத்தக் கூடாது என்றும், தேவைக்குமேல் ஓரடி தூரமும் பின்னே செலுத்தக் கூடாது என்றும் 1989ஆம் ஆண்டின் விதிகள் கூறின. 2017இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. பொறுப்பு ஓட்டுநருடையது என்பது மட்டும் மாறவில்லை. "தாமே உறுதி செய்துகொள்ளுதல்" என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியர் சொன்னார், காமிரா காட்டிற்று என்பவை அதற்கு ஈடாகா. இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்ப்பதே உறுதி. அதுவும், பார்த்துவிட்டுத் தேநீர் அருந்தப் போய்த் திரும்பி வந்து வண்டியை எடுத்தால், முன்பு பார்த்தது செல்லாது. குழந்தை வந்து குந்துவதற்கு அரை நிமிடம் போதும்.

குழந்தைகளைப் பற்றி ஓர் ஆசிரியனாக ஒன்று சொல்லவேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். குந்தி அமர்ந்தால் அதில் பாதிதான். பலகை அடித்த சிறு டிரெய்லரின் உயரத்துக்கு அது எட்டாது. மேலும், வண்டி என்றால் முன்னே போவது என்பதே குழந்தையின் அறிவு. வண்டியின் முன்னே நிற்கக் கூடாது என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அதுவும் கேட்டுக்கொண்டு வண்டியின் பின்னே போய் நிற்கிறது. அங்கேதான் நிழல் இருக்கிறது. அங்கேதான் பந்து உருண்டு போகிறது. அங்கேதான் நாவற்பழம் விழுகிறது. நின்ற வண்டி மீண்டும் நகரும் என்பதோ, பின்பக்கமாகவும் நகரும் என்பதோ அதற்குத் தெரியாது. இதைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோரின் கடமை, ஆசிரியரின் கடமை. ஆயினும் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஓட்டுநர் பார்க்காமல் இருக்கலாகாது. ஆறு வயதுக் குழந்தை பாடத்தை மறக்கும். அது குழந்தையின் உரிமை.

வகுப்பறையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. கடைசி வரிசையின் மூலையில், உயரமான பிள்ளைகளுக்குப் பின்னே, ஒரு சிறு பிள்ளை மறைந்து உட்கார்ந்திருக்கும். வகுப்பு ஒழுங்காக நடக்கும் வரையில் அப்பிள்ளை ஆசிரியரின் கண்ணில் படுவதே இல்லை. தேர்வில் தவறிய பிறகே, "யார் இந்தப் பையன்?" என்று கேட்கிறோம். அந்த ஜீப் நிகழ்ச்சிக்குப் பிறகு, வகுப்பின் பின்பக்கம் வரை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது நடந்து வருவது எனக்கு வழக்கமாயிற்று.

அன்று மாலையே பள்ளியில் ஒரு விதி ஏற்படுத்தினேன். எந்த வண்டி உள்ளே வருவதானாலும் முதலில் மணி அடிக்கவேண்டும். பிள்ளைகள் அனைவரும் தாழ்வாரத்துக்கு வந்து வரிசையாக நிற்கவேண்டும். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தம் பிள்ளைகளை எண்ணி எனக்குச் சொல்லவேண்டும். எண்ணிக்கை சரியான பிறகே வாயிற்கதவைத் திறக்கவேண்டும். அரிசி மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர்கள் வெளியே காத்திருந்து முணுமுணுத்தார்கள். "ஐந்து நிமிடம் வீணாகிறது, சார்" என்றார்கள். வீணாகட்டும் என்றேன். ஓய்வு பெறும் நாள் வரை அந்த விதியை நான் தளர்த்தவில்லை.

அந்த ஓட்டுநர் அன்று என்ன செய்தார் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். குழந்தை வகுப்புக்குப் போனபின், அவர் ஜீப்பில் ஏறவில்லை. சற்று நேரம் சுவரோரமாக நின்றார். அவர் கை நடுங்குவதைக் கண்டேன். பிறகு, "சார், இங்கேயே இறக்கிடலாம். கல்லைக் கையில சுமந்துக்கலாம்" என்றார். டிரெய்லர் நின்ற இடத்திலேயே செங்கற்களை இறக்கினோம். அவரும் நானும் இரண்டு ஆசிரியர்களுமாக அவற்றைச் சத்துணவுக் கூடத்துக்குச் சுமந்தோம். மீதி இருந்த தூரம் பதினைந்து அடிதான்.

அந்தப் பதினைந்து அடிக்காகத்தான் நான் "வா, வா" என்று கூவினேன்.

நேயர்களே, உங்களில் வண்டி ஓட்டுபவர்கள் இருப்பீர்கள். பின்னே நின்று வழிகாட்டுபவர்களும் இருப்பீர்கள். பின்னே இருப்பது தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். வண்டி நிற்கட்டும். இறங்கிப் போய்ப் பாருங்கள்.